உப்பு ஊரில் ஒரு எலுமிச்சை மரம்

ஜூலை 12, சனி

கச்சான் இன்றும் ஓயவில்லை. காலை ஒன்பது மணிக்கே மேற்கேயிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்து திண்ணையில் கொட்டுகிறது. குற்றாலத்தில் சாரலாக விழுவதும் இதே காற்றுதான். மலையேறி இறங்கி இங்கே வந்து சேரும்போது அதில் ஈரம் என்று எதுவும் மிச்சமில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், ஜூன் தொடங்கி செப்டம்பர் முடிய தூத்துக்குடி ஒரு பாலைவனம்தான். வருஷ மழை சராசரி 650 மில்லிமீட்டர் அளவில். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். தெற்கே சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் போனால் தேரிக்காட்டுச் செம்மணல் மேடு மேடாக நிற்கிறது. மணல் பார்க்க ராஜஸ்தான் போக வேண்டியதில்லை.

தோட்டம் என்று சொல்லிக்கொள்ள, காம்பவுண்டுக்குள் ஒரு எலுமிச்சை மரம், ஒரு நார்த்தை, தொட்டிகளில் செம்பருத்தி. எலுமிச்சையின் முதிர்ந்த இலைகள் நுனியிலும் ஓரத்திலும் பழுப்பேறிக் கருகியிருக்கின்றன. கொழுந்தோ சிறுத்துக் குறுகி, நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் திட்டுத் திட்டாக. செம்பருத்தியில் கொழுந்து இலைகள் வெளிறிப் போய், நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. மொட்டு பட்டாணி அளவிலேயே உதிர்கிறது.

பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “உரம் பத்தலை மதினி. ஒரு கை யூரியாவப் போட்டுத் தண்ணி ஊத்துங்க, நாலு நாள்ல தெளிஞ்சிரும்.”

இலையில் தெரிவது மூன்று அடையாளங்கள். முதிர்ந்த இலை ஓரம் கருகினால் உப்பு. கொழுந்து சிறுத்துத் திட்டு விட்டால் துத்தநாகக் குறை. கொழுந்தில் நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. இந்த மூன்றில் எதற்கும் யூரியா மருந்தில்லை. ஆனாலும் சுவருக்கு மேலாக இத்தனையையும் சொல்லி முடிக்க முடியாது. “பாப்போம் மதினி” என்று வைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஆர்.ஓ. மெஷின் பழுது பார்க்க வந்த பையன் ஒருமுறை விட்டுப்போன டிடிஎஸ் மீட்டர் அலமாரியில் கிடந்தது. போர்த் தண்ணீரில் முக்கினேன்: 2050. மாநகராட்சிக் குழாயில் வருவது வல்லநாட்டிலிருந்து ஏற்றி அனுப்பும் தாமிரபரணித் தண்ணீர். அது 210.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. 2050 என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் உப்பு. இருபது லிட்டர் வாளி ஒன்றில் நாற்பது கிராம். வாரத்துக்கு மூன்று வாளி ஊற்றினால் மாதத்துக்கு அரை கிலோ. தண்ணீரை மரம் குடிக்கிறது, வெயில் குடிக்கிறது. உப்பை யாரும் குடிப்பதில்லை. அது அப்படியே மண்ணில் கிடக்கிறது. தொட்டி விளிம்பில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கு அதுதான். அடுத்த மழைவரை அதற்குப் போக வழி கிடையாது.

எலுமிச்சைக் குடும்பம் உப்புக்கு மிகவும் பயந்தது. மண் கரைசலின் மின்கடத்துத் திறன் 1.7 டெசிசீமனைத் தாண்டினாலே ஆரஞ்சு மரத்தின் விளைச்சல் இறங்கத் தொடங்கும் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் 16 சதவீதம் குறையும் என்றும் வேளாண் நூல்கள் சொல்கின்றன. எலுமிச்சையின் நிலையும் ஏறத்தாழ அதுதான்.

அத்தை இருந்த காலத்தில் தென்னம்பிள்ளை நட்டால் குழியில் கல்லுப்பு இரண்டு கை போடாமல் மண் தள்ள விடமாட்டார். அது மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன். தென்னைக்குக் குளோரைடு வேண்டும்; பிலிப்பைன்ஸில் அரசே தென்னந்தோப்புக்கு உப்பு போடச் சொல்கிறது. அத்தை தென்னைக்குச் செய்தது சரி. அதே கையை எலுமிச்சைப் பக்கம் நீட்டினால் மரம் போய்விடும்.

ஜூலை 15, செவ்வாய்

கிள்ளிகுளம் போய் வந்தேன். வ.உ.சி. பெயரில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரி வல்லநாட்டை அடுத்து இருக்கிறது. எலுமிச்சையடி மண், தொட்டி மண், போர்த் தண்ணீர் மூன்றையும் பரிசோதனைக்குக் கொடுத்தாயிற்று. மண் எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மேல்குப்பையை ஒதுக்கிவிட்டு, மரத்தின் நிழல் விளிம்பில் நான்கு திசையிலும் ஓரடி ஆழம் ‘வி’ வடிவில் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ. அடிமரத்துப் பக்கம் ஒரு கரண்டி வாரிக்கொண்டு போனால் வரும் அறிக்கை நம்மை ஏமாற்றும்.

வல்லநாட்டுக் குன்றைப் பஸ்ஸில் கடக்கும்போது வெளிமான் தெரிகிறதா என்று எல்லோரையும்போல நானும் ஜன்னல் வழியே பார்த்தேன். இல்லை.

வந்ததும் வீட்டிலேயே ஒரு சோதனை. சாப்பாட்டு மேசையில் இருந்த அரை மூடி எலுமிச்சையைத் தொட்டி மண் மீது பிழிந்தேன். ‘புஸ்’ஸென்று நுரைத்தது. சுண்ணாம்பு. இந்தக் கரை மண்ணில் சிப்பியும் சங்கும் பவளக் கல்லும் பொடிப்பொடியாகக் கலந்து கிடக்கின்றன. முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. ஆனால் எத்தனையோ தலைமுறைக்குக் கரையேற்றிய சிப்பி எங்கே போகும்?

ஜூலை 18, வெள்ளி

உரக்கடை. அண்ணாச்சி கைரேகை மெஷினை முன்னால் தள்ளினார். “யூரியாவாம்மா? நாப்பத்தஞ்சு கிலோ மூட்டை, இருநூத்தி அறுபத்தாறு அம்பது.” 2015இலிருந்து நாட்டில் தயாராகும் மானிய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. மண்ணில் தழைச்சத்து மெதுவாக மாறுவதற்காக அந்தப் பூச்சு. இருந்தும் எங்கள் மண்ணுக்கு அது முழுக் காவல் ஆகாது. சுண்ணாம்பு மண், நாற்பது டிகிரியை நெருங்கும் வெயில், மேலே ஊதும் கச்சான்: மண் மேலாகத் தூவிய யூரியா அம்மோனியாவாகிப் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். மிச்சம் இருப்பது வேரைச் சுடும். யூரியா போட்டால் உடனே தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்பது அதனால்தான்.

இந்த ஊருக்கு உரம் புதிதில்லை. ஸ்பிக் ஆலை 1975இல் யூரியா எடுக்கத் தொடங்கியது. துறைமுகம் பெருந்துறைமுகம் ஆனது அதற்கு முந்தைய வருஷம். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கணக்கு எழுதிய காலத்தில் என் பேரேட்டில் பொட்டாஷும் பாறை பாஸ்பேட்டும் டன் டன்னாகக் கடந்துபோயின. இந்தியாவுக்கு வேண்டிய பொட்டாஷ் கிட்டத்தட்ட முழுவதும் வெளிநாட்டிலிருந்துதான். அதில் ஒரு பங்கு சாக்கடலிலிருந்து வரும். அங்கேயும் நம் உப்பளம்போலப் பாத்தி கட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். முதலில் சோற்றுப்பு படியும். அதை ஒதுக்கிவிட்டு, இன்னும் காய்ந்தபின் படிகிற உப்பிலிருந்து பொட்டாஷ் எடுக்கிறார்கள். பொட்டாசியம் குளோரைடு. அளத்துக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அது உப்பின் ஒன்றுவிட்ட தம்பி.

எந்த உரம் மண்ணை எவ்வளவு உப்பாக்கும் என்று 1943இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு குறியீடு வகுத்தார்கள். சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்துக்கொண்டால் மற்றவை எவ்வளவு என்ற கணக்கு. குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பதை இங்கேயும் எழுதிக்கொள்கிறேன்:

சோற்றுப்பு 154
பொட்டாஷ் (குளோரைடு) 116
யூரியா 75
பொட்டாசியம் நைட்ரேட் 74
சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 46
டிஏபி 34
சூப்பர் பாஸ்பேட் 8

வேருக்கு ஸ்பிக் மூட்டையும் தெரியாது, முத்தையாபுரத்து உப்பும் தெரியாது. இரண்டும் கரைந்தால் வேர் தண்ணீர் உறிஞ்சுவது கடினமாகும், அவ்வளவுதான் அதன் கணக்கு. வறண்ட நாட்டில் உரம் போடுவது பற்றி நான் படித்ததெல்லாம் கடைசியில் வந்து நிற்கிற இடம் இது. மழைச் சீமையில் உரம் என்றால் சாப்பாடு. இங்கே அதுவே முதலில் உப்பு, பிறகுதான் சாப்பாடு.

அண்ணாச்சி அம்மோனியம் குளோரைடையும் காட்டினார். உள்ளூர்ச் சரக்கு: உப்பு, அம்மோனியா, கரியமில வாயு மூன்றையும் சேர்த்துச் சோடா உப்பு செய்யும்போது கூடவே கிடைப்பது. தழைச்சத்து 25 சதவீதம். தண்ணீர் நிற்கும் நெல்வயலுக்கு நல்ல உரம். ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு குளோரைடு. எலுமிச்சைக்கு வேண்டாம்.

“அப்ப என்னதாம்மா வேணும்?”

“துத்தநாக சல்பேட் அரைக் கிலோ. அன்னபேதி கால் கிலோ. இ.டி.டி.எச்.ஏ. இரும்பு இருக்கா அண்ணாச்சி?”

சிவப்புப் பொடிப் பாக்கெட் ஒன்றைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார்.

ஜூலை 20, ஞாயிறு

மஸ்கட்டிலிருந்து தம்பி போன் செய்தான். பால்கனியில் ஒரு எலுமிச்சையும் இரண்டு செம்பருத்தியும் வைத்திருக்கிறான். “அக்கா, இங்க நாப்பத்தாறு டிகிரி. இலையெல்லாம் மஞ்சளா வருது. நல்ல தண்ணிதான் ஊத்துதேன், உப்பே கிடையாது. டப்பா உரம் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், போடட்டா?”

அவனுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. குழாயில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். உப்போடு சேர்த்துக் கால்சியமும் மக்னீசியமும் போய்விடுகின்றன. இஸ்ரேலின் அஷ்கெலோனில் 2005இல் பெரிய கடல்நீர் ஆலை தொடங்கியபின், அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல்களில் மக்னீசியக் குறை தெரிந்தது. இன்னொன்று, போரான் சவ்வுக்குள் நழுவி வந்துவிடுகிறது. மனிதனுக்கு அந்த அளவு தொந்தரவில்லை. எலுமிச்சைக் குடும்பம் அதைத் தாங்காது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் அப்படித்தான் வெறுந்தண்ணீர். மருந்து கலக்க அருமையானது, ஆனால் அதை மட்டுமே நம்பினால் செடி பட்டினி.

“மஞ்சள் எங்கடா தெரியுது? பழைய இலையிலயா, கொழுந்துலயா?”

“பழசுலதான். நுனியும் ஓரமும் மஞ்சள், காம்புப் பக்கம் மட்டும் பச்சையா முக்கோணம்போல இருக்கு.”

மக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்குப் பத்து கிராம், அந்தி சாய்ந்தபின் இலைமேல் தெளிக்கச் சொன்னேன். டப்பா உரத்தை இந்த வெயில் தணிந்தபின் பெட்டியில் எழுதியதில் கால்பங்கு அளவுக்குக் கரைத்து, தொட்டி ஏற்கெனவே நனைந்திருக்கும்போது மட்டும் ஊற்றலாம். நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் எலுமிச்சை வேலை நிறுத்தம் செய்துவிடும். அப்போது ஊட்டினாலும் வாங்காது. பகலில் தொட்டியின் கறுப்புப் பிளாஸ்டிக் சூடேறி உள்ளே வேர் வேகும். அதனால் தொட்டியை இன்னொரு பெரிய தொட்டிக்குள் வைத்து இடையில் மணல் நிரப்பச் சொன்னேன்.

ஓமானுக்கும் எலுமிச்சைக்கும் பழைய உறவு. வெயிலில் கறுக்கக் காயவைத்த எலுமிச்சையை அங்கே லூமி என்று குழம்பில் போடுகிறார்கள். 1970களிலிருந்து துடைப்ப நோய் பரவி அந்த நாட்டு எலுமிச்சைத் தோப்புகளில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. “கொழுந்து கொத்துக் கொத்தா, பொடிசா, வெளக்கமாறு மாதிரி வந்தா உரம் தேடாத, செடியப் பிடுங்கி எறிஞ்சிரு” என்று அதையும் சொல்லி வைத்தேன்.

ஜூலை 23, புதன்

மண் அறிக்கை வந்தது. எலுமிச்சையடி மண்: காரத்தன்மை 8.4, கடத்துத் திறன் 2.6. சுண்ணாம்பு அதிகம். தழைச்சத்து குறைவு. மணிச்சத்து நடுத்தரம், சாம்பல் சத்து அதிகம். இரும்பு, துத்தநாகம் இரண்டும் பற்றாக்குறை. தொட்டி மண்ணில் மணிச்சத்து எல்லை மீறி இருக்கிறது. பூக்க வேண்டும் என்று எலும்புத் தூளும் டிஏபியும் போட்டு வந்த நர்சரி மண் அது.

செம்பருத்திக்குக் கூடுதல் மணிச்சத்து ஆகாது. அது இரும்பை வேர் பக்கத்திலேயே கட்டிப்போட்டுவிடும். சுண்ணாம்பு ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. பூக்கிற செடிக்கெல்லாம் டிஏபி என்பது பொதுவான பழக்கம். செம்பருத்திக்குப் பொருந்தாது; தழையும் சாம்பலும்தான் அது கேட்பது.

மதினி ஒரு யோசனையோடு வந்தார். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் சிப்பித் தூள் கிடைக்கிறதாம். “சுண்ணாம்புச் சத்து மதினி, எலும்புக்கு நல்லதுன்னா செடிக்கும் நல்லதுதானே?” செம்மண் மலைக்காட்டுக்கு நல்லது. நுரைக்கிற மண்ணுக்கு இன்னும் சுண்ணாம்பு எதற்கு? கந்தகம் போட்டுக் காரத்தைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வதும் இங்கே செல்லாது. சிப்பி கரையக் கரைய அமிலம் செலவாகிக்கொண்டே போகும். வருஷக்கணக்கில் கொட்ட வேண்டிவரும். மண்ணை மாற்றுவதைவிட இலை வழியே கொடுப்பது மலிவு.

ஜூலை 25, வெள்ளி

உரத்துக்கு முன்னால் கழுவல்.

ஓரடி ஆழ மண்ணிலுள்ள உப்பில் பாதியை இறக்க அரையடி நல்ல தண்ணீர் வேண்டும். ஓரடி விட்டால் ஐந்தில் நான்கு பங்கு இறங்கும் என்பது பழைய பாசனக் கணக்கு. எலுமிச்சையைச் சுற்றி இரண்டு மீட்டர் அகலப் பாத்திக்கு அரையடி என்றால் சுமார் 470 லிட்டர். சின்டெக்ஸ் தொட்டியில் பாதி. மாநகராட்சித் தண்ணீரை ராத்திரி நிரப்பி வைத்து, விடியுமுன் ஹோஸை விரல் தடிமனுக்குத் திறந்து மெதுவாக விட்டேன். வேகமாக விட்டால் மேலோடு ஓடும், உப்பு இறங்காது. அடிமரத்தை நனைக்காமல் நிழல் விளிம்பு வரை. நார்த்தைக்கு அடுத்த முறை தண்ணீர் வரும்போது.

தொட்டிகளுக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு தண்ணீர். அடியில் வழிந்ததை மீட்டரில் பார்த்தேன்: முதலில் 3400, கடைசியில் 900. ஒரு செடிகூட வாடவில்லை.

கழுவுவது வேறு, தேங்க விடுவது வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் ஊரின் வருஷ மழையைவிட அதிகம். அந்தத் தண்ணீரில் உப்பெல்லாம் கரைந்து போயிருக்க வேண்டும். ஆனால் நகரில் பல தெருக்களில் நாள்கணக்கில் தேங்கி நின்றதால் உப்பு போகுமுன் வேர் போயிற்று. அப்போது எங்கள் தெருவில் மற்ற எலுமிச்சைகள் பட்டுப்போக, மிஞ்சியது இந்த மேட்டு மரம்தான்.

பாத்தி மேல் பனையோலையும் காய்ந்த தென்னை மட்டையும் பரப்பினேன். தென்னை நார்க்கழிவும் கொஞ்சம் கிடைத்தது. கையால் பிழிந்து நாக்கில் வைத்தேன், கரித்தது. கழுவாமல் போட்டால் கழுவிய வேலை வீண்.

ஜூலை 26, சனி

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். ஆகஸ்ட் 5 வரை ஊர் முழுக்க ஜனம். பீச் ரோட்டில் ஒதுங்கி நின்றபோது, முன்பு அளத்தில் கங்காணியாக இருந்த பெரியவரைப் பார்த்தேன். என் அப்பாவுக்குத் தெரிந்தவர்.

“பெரியப்பா, உப்பு எடுத்த பிறகு மிஞ்சுற தண்ணிய என்ன செய்வீக?”

“அடர்த்தி மானில இருபத்தஞ்சு டிகிரில உப்பு விழும். முப்பதத் தொடுறதுக்குள்ள திறந்து விட்டுருவோம்மா. அதுக்கு மேல வச்சா உப்பு கசந்து போகும். அந்தத் தண்ணி பட்ட இடத்துல புல்லுகூட முளைக்காது.”

அந்தக் கசப்புதான் மக்னீசியம், கூடவே பொட்டாசியம். மஸ்கட் செடி கேட்பதும் அதில் இருக்கிறது. ஆனாலும் அப்படியே எடுத்து ஊற்ற முடியாது. குளோரைடைப் பிரித்தால்தான் உரம். கட்ச் ரண்ணில் இப்படிப்பட்ட உவர்நீரிலிருந்தே சல்பேட் ஆஃப் பொட்டாஷ் எடுக்கிறார்கள். நம் அளத்து ஓடையில் அது இன்னும் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

கச்சான் எழும்புமுன், ஆறு மணிக்குத் தெளிப்பு. வெயில் ஏறியபின் தெளித்தால் துளி காய்ந்து உப்பாகி இலையைச் சுடும்; காற்றில் பாதி மதினி வீட்டுத் துணியில் போய் விழும்.

எலுமிச்சைக்கும் நார்த்தைக்கும் துத்தநாக சல்பேட், லிட்டருக்கு ஐந்து கிராம், இலை கருகாமலிருக்கப் பாதியளவு நீற்றுச் சுண்ணாம்புத் தெளிவுநீர். வேளாண் பல்கலைக்கழகம் இதை மார்ச், ஜூலை, அக்டோபர் மாதங்களில் கொழுந்து வந்த பிறகு தெளிக்கச் சொல்கிறது. மாதத்தைவிடக் கொழுந்துதான் முக்கியம். முதிர்ந்த இலை மெழுகு பூசிக்கொண்டு எதையும் உள்ளே விடாது.

செம்பருத்திக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்), லிட்டருக்கு ஐந்து கிராம், ஏசித் தண்ணீரில். கூடவே சில துளி எலுமிச்சைச் சாறு. போர்த் தண்ணீரில் கலந்தால் துருப்பிடித்துத் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். தொட்டி மண்ணுக்கு அந்தச் சிவப்புப் பொடி. சாதாரண இ.டி.டி.ஏ. இரும்பு எங்கள் காரமண்ணில் சீக்கிரம் அவிழ்ந்துவிடும், இ.டி.டி.எச்.ஏ. இரும்பு எட்டரையிலும் தாக்குப்பிடிக்கும். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு தொட்டிக்குச் சிட்டிகை போதும்.

துத்தநாகத்தையும் இரும்பையும் ஒரே டப்பாவில் கலக்கவில்லை. கண்டபடி கலக்கக் கூடாது: டிஏபி கரைசலோடு துத்தநாகத்தைச் சேர்த்தாலும் அடியில் வெள்ளையாய்த் திரிந்து நிற்கும். காசு தண்ணீருக்கு அடியில்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆடிப்பட்டம் தேடி விதை என்பதெல்லாம் காவிரிக்காரர்களுக்கு. எங்கள் ஜில்லாவில் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல்காட்டுச் சம்சாரிகள் புரட்டாசியில்தான் மானாவாரி விதைப்பார்கள். கிழக்கேயிருந்து கொண்டல் காற்று திரும்பாமல் இங்கே விதைக்கும் வேலை இல்லை. உரத்துக்கும் அதே நாள்காட்டி பொருந்தும்.

மதினி வீட்டில் மீன் அமிலம் தயாராகிறது. மீன் கழிவும் கருப்பட்டியும் எடைக்கு எடை, மூடி வைத்து மூன்று வாரம். உடன்குடிக் கருப்பட்டியே போட்டிருக்கிறார். “அதைச் சாப்பிட்டுட்டுச் செடிக்கு வெல்லம் போட்டிருக்கலாமே மதினி” என்றேன். நல்ல பொருள்தான்; லிட்டருக்கு ஐந்து மில்லி தெளித்தால் கொழுந்து தெம்பாக வரும். ஒரே நிபந்தனை: ஐஸ் மீனின் கழிவாக இருக்க வேண்டும், நன்றாக அலசியிருக்க வேண்டும். கருவாட்டுக் கிடங்கில் வாரிய கழிவு என்றால் மறுபடியும் உப்பைத்தான் ஊற்றுகிறோம்.

மத்தியானம் அக்டோபருக்கான கணக்கு. காய்க்கும் எலுமிச்சை மரத்துக்கு வருஷத்துக்குத் தழைச்சத்து 600 கிராம், மணிச்சத்து 200, சாம்பல் சத்து 300, தொழுவுரம் 30 கிலோ என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. தழைச்சத்து மார்ச்சில் பாதி, அக்டோபரில் பாதி. அந்தப் பாதியை யூரியாவாக்கினால் 650 கிராம். சங்கரன்கோவில், புளியங்குடித் தோட்டத்து மண்ணுக்கு இது சரி. கரையோர மணலில் ஒரே தடவையில் 650 கிராம் கொட்டினால் முதல்நாள் வேர் சுடும், அடுத்த மழைக்கு மிச்சம் கிணற்றுக்குப் போய்ச் சேரும். நூறு நூறு கிராமாக, மழைக்கும் மழைக்கும் நடுவே. சாம்பல் சத்து அறிக்கையில் ஏற்கெனவே அதிகம். எலுமிச்சைக்கு இந்த வருஷம் தேவையில்லை. செம்பருத்திக்கு மட்டும் சல்பேட் ஆஃப் பொட்டாஷ், தொட்டிக்கு மாதம் ஒரு தேக்கரண்டி. தொழுவுரத்திலும் ஒரு எச்சரிக்கை: போர்த் தண்ணீர் குடிக்கிற மாட்டின் சாணத்திலும் உப்பு உண்டு. ஒரு மழையில் நனைந்த குப்பையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

மாதா திருவிழா முடிந்து ஊர் அடங்கிவிட்டது. செம்பருத்தியில் தெளித்த இடமெல்லாம் பச்சைப் புள்ளி. புதுக்கொழுந்து முழுப் பச்சையாக வருகிறது. மொட்டு இன்னும் சில உதிர்கின்றன. அது காற்றின் வேலை, உரத்தின் வேலை இல்லை. எலுமிச்சையில் கருகிய ஓரங்கள் அப்படியே. அவை இனித் திரும்பாது, பறிக்கவும் கூடாது, மிச்சப் பச்சையில் மரம் சமைத்துக்கொண்டிருக்கிறது. பார்க்க வேண்டியது அடுத்த கொழுந்தை.

போர்த் தண்ணீரை அடியோடு நிறுத்த முடியாது. மாநகராட்சித் தண்ணீர் தினமும் வருவதில்லை. ஒரு பங்கு போர், இரண்டு பங்கு ஆற்றுத் தண்ணீர் என்று கலந்தால் மீட்டர் 820 காட்டுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளிப்பதை விட்டுவிட்டு, நான்கைந்து நாளுக்கொருமுறை வயிறு நிறைய. சிறுகச் சிறுக ஊற்றினால் உப்பு வேர் மட்டத்திலேயே தங்கிவிடும்.

தம்பி படம் அனுப்பியிருந்தான். பச்சை திரும்புகிறது. அவனுக்கு எழுதி அனுப்பியது: முதலில் தண்ணீரைச் சோதி, பிறகு இலையைப் படி, அதன் பிறகு உரக்கடைக்குப் போ. காய்ந்த மண்ணில் உரம் போடாதே. குளோரைடு இல்லாததாக வாங்கு. உச்சக் கோடையில் ஊட்டாதே. செப்டம்பர் கடைசியில் ராத்திரி கொஞ்சம் குளிர்ந்ததும் தொடங்கு.

மதினி சாயங்காலம் வந்து செம்பருத்தியை வளைத்து வளைத்துப் பார்த்தார். அவர் வீட்டுச் செடிகளுக்கும் சல்பேட் பொட்டாஷ் வேண்டுமாம். “மூட்டையா வாங்கினா விலை குறையுமே, பாதிப் பாதி எடுத்துக்கிடலாம்.”

சரி என்றேன். அண்ணாச்சிக்குப் போன் செய்து சொல்லியாயிற்று. திங்கட்கிழமை மூட்டை வருகிறது, என் வீட்டு ஸ்டோர் ரூமுக்கு. சாவி என்னிடம்தான் இருக்கும்: கொண்டல் திரும்பி முதல் மழை பெய்யும்வரை மதினி எத்தனை தடவை கேட்டாலும் மூட்டையைப் பிரிப்பதில்லை.